ஞானப்பல் எடுக்கப் போகிறீர்களா? அந்தக் குழியை நான்கு நாள் கவனியுங்கள்

(காட்சி: சேலத்தில் ஒரு தள்ளுவண்டி. தட்டில் பீட்ரூட் துருவல், சட்னியோடு தட்டுவடை செட்.)

வணக்கம். இதைக் கடித்தபோதுதான் என் தங்கைக்குக் கீழ்த்தாடையில் சுரீரென்றது. ஞானப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிற கடைசிக் கடைவாய்ப்பல். இடம் போதாமல் சாய்ந்து முளைத்தால் ஈறுக்கடியில் சாப்பாடு சிக்கி வீங்கிவிடும். தொந்தரவு தராத பல்லை எல்லோரும் எடுக்க வேண்டியதில்லை.

முதலில் ஓபிஜி, அதாவது தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. தாடைக்குள் ஓடும் நரம்புக்கு வேர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மரத்துப்போகும் ஊசி போட்டதும் பாதி உதடு தடித்த மாதிரி இருக்கும். அப்புறம் வலி இருக்காது, அழுத்தம் இருக்கும். பல்லைத் துண்டாக்கும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். பயப்படாதீர்கள். வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

(காட்சி: பல் இருந்த குழி. உள்ளே கருஞ்சிவப்பாக ரத்தக்கட்டி.)

இதை நன்றாகப் பாருங்கள். ஜவ்வு மாதிரி உறைந்து நிற்கிற இந்த ரத்தம்தான் எலும்புக்கு மூடி. அதனால் பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கடித்தே இருங்கள். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. சிகரெட், பீடி சில நாளைக்கு வேண்டவே வேண்டாம். ஸ்ட்ராவும் கூடாது. இதை என் தங்கைக்கு யாரும் சொல்லவில்லை. வெயிலுக்கு இதமாக ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சினாள். மூன்றாம் நாள் வலி காதுவரை ஏறியது. கட்டி பெயர்ந்து எலும்பு தெரிந்தது. டிரை சாக்கெட் என்பார்கள். குழியைக் கழுவி மருந்து வைத்த பிறகுதான் தூங்கினாள். குறைந்து வந்த வலி திடீரென்று கூடினால், மாத்திரையைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி வடியும். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளியுங்கள். ஆறிய ராகிக் கூழ், குழைந்த தயிர் சாதம் போதும்.

ஏற்காடு மலையிலிருந்து சேலம் வந்து பல் எடுப்பவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், துணைக்கு ஆள் அழைத்து வாருங்கள். முடிந்தால் அன்று இரவு சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். ராத்திரி ரத்தம் நிற்காவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது பெரும்பாடு. மேலே போனாலும் காபியை ஆற்றியே குடியுங்கள்.

காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமை, மறுநாளும் உதடு மரத்தே இருப்பது: இவற்றில் எது வந்தாலும் டாக்டருக்குச் சொல்லுங்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு, அந்த நிமிடமே.