ஸ்டிக்கடவ்: பெயர் மறந்துபோன லாவெண்டர்

அவையோருக்கு வணக்கம்.

லாவெண்டர் என்றால் தெற்கு பிரான்சின் ஊதா வயல்கள்தான் கண்முன் வரும். அந்த வயல்களில் இன்று பெரும்பாலும் நிற்பது லாவண்டின் என்ற கலப்பினம். நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. மத்தியதரைக் கடலோரப் புதர்க்காடுகளில் தானாக முளைக்கும் லாவண்டுலா ஸ்டீக்கஸ் என்ற லாவெண்டர் வகை பற்றி. பழைய ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டிக்கடவ் என்றும் காசிடனி என்றும் பெயர். ஜான் ஜெரார்டு 1597-இலும் ஜான் பார்க்கின்சன் 1629-இலும் வெளியிட்ட மூலிகை, தோட்ட நூல்களில் இந்தப் பெயர்களைக் காணலாம்.

பெயரின் வேர் தீவுகளில் இருக்கிறது. பிரான்சின் ஹியேர் கரைக்கு எதிரே போர்க்கரோல், போர்குரோ, லெவான் என மூன்று தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைக் கிரேக்கர் ஸ்டோய்க்கடஸ் என்றார்கள். இந்தச் செடி அங்கே வளர்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் எழுதிவைத்தார். அந்தப் பெயர் ஆங்கிலேயர் வாயில் ஸ்டிக்கடவ் ஆனது. அரபு மருத்துவர் வாயில் உஸ்துகுத்தூஸ் ஆனது. யுனானி மருந்து விற்கும் கடையில் நீங்கள் உஸ்துகுத்தூஸ் கேட்டால், கேட்பது இந்தச் செடியின் பூவைத்தான்.

இந்தப் பழம்பெயரை நாம் விட்டிருக்கவே கூடாது. அதன் இடத்தைப் பிடித்த 'பிரெஞ்சு லாவெண்டர்' என்ற பெயர் பெருங்குழப்பம் செய்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஸ்டீக்கஸ் விற்பார்கள். அமெரிக்காவில் அதே பெயரில் இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும் லாவண்டுலா டெண்டாட்டா என்ற வேறு இனம் வரும். ஸ்டீக்கஸுக்கு அங்கே 'ஸ்பானிஷ் லாவெண்டர்' என்று பெயர்.

அப்படியானால் எதை வைத்து அடையாளம் காண்பது? பூங்கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரண லாவெண்டரில் கதிர் மெலிந்து நீண்டிருக்கும். இதில் கட்டையாக, நான்கு பட்டையாக, நெருக்கமாக இருக்கும். செதில்களின் இடுக்கிலிருந்து கறுத்த ஊதாவில் சின்னஞ்சிறு பூக்கள் எட்டிப் பார்க்கும். உச்சியில் முயல் காதுபோல ஊதாச் செதில்கள் சில நிமிர்ந்து நிற்கும். அவை பூ அல்ல, வண்டுகளை அழைக்கும் கொடித்துணி போன்றவை. இலை ஒடுக்கமாக, சாம்பல் பச்சையாக, பல் இல்லாமல் இருக்கும். கசக்கினால் சோப்பு மணம் வராது, கற்பூர நெடிதான் வரும். எண்ணெயில் ஃபென்சோன் என்ற மணப்பொருளும் கற்பூரமும் மிகுதி என்பதே காரணம். ஆகவே வாசனைத் திரவியத்துக்கு இது அவ்வளவாக உதவாது. அந்த எண்ணெயைக் குழந்தைகள் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

காய்ந்த சரக்கில்தான் ஏமாற்றம் அதிகம். நம் துணைக்கண்டத்துச் சந்தையில் உஸ்துகுத்தூஸ் என்ற பெயரிலேயே புரூனெல்லா வல்காரிஸ் என்ற வேறொரு செடியின் கதிரும் விற்கப்படுகிறது. அது செம்பழுப்பாக, எடையில்லாமல் இருக்கும். செதில் அகன்று விசிறிபோல விரிந்து நுனி கூர்ந்திருக்கும். தேய்த்தால் மணம் ஏறக்குறைய இல்லை. இத்ரீஃபல் உஸ்துகுத்தூஸ் போன்ற லேகியம் செய்பவர்கள் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர நெடி எழாத சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வளர்ப்புக்கு வருவோம். லாவெண்டருக்குச் சுண்ணாம்பு மண் நல்லது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். சாதாரண லாவெண்டருக்கு அது சரி, ஸ்டீக்கஸுக்குப் பொருந்தாது. இது சுண்ணாம்பை வெறுக்கும் செடி, மணற்பாங்கான, லேசான அமில மண்ணில் செழிப்பது. கார மண்ணில் வைத்தால் இளந்தளிர் மஞ்சளித்துப்போகும். தொட்டியில் வைப்பதானால் மூன்றில் ஒரு பங்கு பருமணலோ சிறு சரளையோ கலந்து, நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். எருவைக் கொட்டினால் இலைதான் மண்டும், பூ குறையும். செடி சாவது பெரும்பாலும் குளிரால் அல்ல, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரத்தால். வேர் அழுகியபின் காப்பாற்ற வழியில்லை.

கவாத்து முக்கியம். முதல் பூப்பு முடிந்ததும் வாடிய கதிர்களை, அந்த ஆண்டு வளர்ந்த பசுந்தண்டில் கொஞ்சத்தோடு சேர்த்து வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டை வரை இறங்கினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. வெட்டாமலே விட்டாலோ அடி மொட்டையாகி நடுவில் பிளந்து சாயும். புதுச் செடி உண்டாக்கக் கோடைக் கடைசியில், பூவில்லாத கிளை நுனியை 7 முதல் 10 செ.மீ. நறுக்கி, அடி இலைகளை உருவிவிட்டு, மணல் கலவையில் நடுங்கள்.

வாடிய கதிரை விதை உதிரும்வரை செடியில் விட்டுவைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இப்படித் தோட்டத்தை விட்டு வெளியேறித்தான் இது மேய்ச்சல் நிலக் களையாகிவிட்டது.