லேசர் சிகிச்சைக்குப் பிறகு ஈறு வீங்கினால்

நேயர்களுக்கு வணக்கம். ஈறு நோய்க்கு லேசர் சிகிச்சை செய்துகொள்பவர்கள் இப்போது நிறைய. கத்தி இல்லை, பெரும்பாலும் தையல் இல்லை, ரத்தமும் குறைவு. அதனால் வீக்கமும் வராது என்று நம்பிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்ததும் எனக்குப் போன் வரும்: "டாக்டரம்மா, லேசர்னுதானே சொன்னீங்க, கன்னம் ஏன் கொழுக்கட்டையாட்டம் இருக்கு?"

லேசர் ஏற்படுத்துவதும் காயம்தான். டயோடு லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சூட்டில் ஈறு வெட்டுப்படும்போதே சிறு ரத்தக் குழாய்களின் வாயும் அடைபட்டுவிடும். ரத்தம் அதிகம் வராதது அதனால்தான். ஆனால் சூடு பட்ட விளிம்பைச் சரிசெய்ய உடம்பு கிளம்புமே, அப்போது அங்கே நீர் கோத்துக்கொள்ளும். இந்த வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் வரை ஏறும். பிறகு தானாக இறங்கத் தொடங்கும். முதல் நாளைவிட மறுநாள் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. நான்காம் நாளும் ஏறிக்கொண்டே போனால்தான் எனக்குக் கவலை.

நம் வீடுகளில் வீக்கம் என்றாலே வெந்நீர் ஒத்தடம்தான். பாட்டி சொன்ன வைத்தியம், நானும் மதிக்கிறேன். ஆனால் முதல் நாளில் வேண்டாம். சூடு பட்டால் ரத்தக் குழாய்கள் விரியும். வீக்கம் கூடும், நின்ற ரத்தம் மறுபடி கசியும். அன்றைக்கு ஐஸ்தான். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் 15 நிமிடம் வையுங்கள். அதே அளவு நேரம் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ஊசியின் மரமரப்பு இருக்கும்வரை தோலுக்குக் குளிர்ச்சி உறைக்காது, அதனால் துணி கட்டாயம். ராத்திரி இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் காலையில் முகம் அவ்வளவு உப்பாது.

மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. 'களகள'வென்று கொப்பளிக்க வேண்டாம். வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, மெதுவாக வழியவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, குழைந்த சாதம். தயிர்சாதம் ரொம்ப நல்லது, ஆனால் தாளிக்காமல். ஒரே ஒரு கடுகு காயத்துக்குள் போய் உட்கார்ந்து மூன்று நாள் கழித்து வலியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட் கூடவே கூடாது. "ஒண்ணே ஒண்ணு" என்று கேட்பவர்களுக்கும் அதே பதில்தான்.

இன்னொன்று. காயத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஓர் ஏடு படியும். சீழ் என்று நினைத்துத் துண்டு முனையால் துடைத்தெடுத்துவிடுகிறார்கள். அது உடம்பே போட்டுக்கொள்ளும் கட்டு. விட்டுவிடுங்கள். கிராம்பு எண்ணெய், மஞ்சள், ஆஸ்பிரின் மாத்திரை எதையும் ஈறில் வைக்காதீர்கள். ஆஸ்பிரினை ஈறில் அழுத்தி வைத்தால் அந்த இடம் வெந்துபோகும்.

வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை போதும். மருந்துக் கடையில் கேட்டு ஐபூப்ரோஃபென் வாங்கிப் போடுவது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது: வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சில ஆஸ்துமாக்காரர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் என்று பட்டியல் நீளம். சுகர் உள்ளவர்கள் கஞ்சி மட்டும் குடிக்கும் நாட்களில் சுகர் மாத்திரையின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சுகர் காயத்தையும் ஆறவிடாது.

அபூர்வமான ஒரு வீக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சில லேசர் கருவிகள் நுனியைக் குளிர்விக்கக் காற்றை ஊதும். அந்தக் காற்று திசுவுக்குள் புகுந்தால், நாள்கணக்கில் ஏறாமல், சிகிச்சையின்போதோ முடிந்த சிறிது நேரத்திலோ கன்னம் திடீரென்று உப்பும். அழுத்தினால் விரலுக்கடியில் நறநறக்கும். அதை ஐஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் உட்காரக் கூடாது. உடனே சிகிச்சை செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல், சீழ், வாயில் கெட்ட நாற்றம் வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கினாலோ, கண்ணுக்குக் கீழே ஏறினாலோ, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-க்குக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வணக்கம்.