மானாவாரி உழவருக்கு எந்தப் பயிற்சி?

வேளாண் விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் வணக்கம்.

கோவில்பட்டியில் 1901 ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்துவிட்டது. நூறாண்டுக்கும் மேலாகக் கரிசல் மண்ணை ஆராய்ந்து வருகிறோம். ஆயினும், அந்த மண்ணில் பாடுபடுகிறவருக்கு எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும்போது, அவரைக் கேளாமலே தலைப்புகளைக் குறித்துவிடுகிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சோள விதையைக் கடினப்படுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதவீதக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் பயிர் வறட்சியைத் தாங்கும். ஒரு கரிசல் கிராமத்தில், பயிற்சித் தேவையைக் கேட்டுக் குறிக்கும் படிவத்தோடு சென்று, "இது தெரியுமா?" என்று கேட்டோம். தெரியும் என்றவர் பலர். செய்தவர் மிகச் சிலர். "மீண்டும் பயிற்சி தேவை" என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் தம் வீட்டுத் திண்ணையைக் காட்டி, "நனைச்ச வெதைய இதுல எங்கய்யா காயப் போட?" என்றார். மூன்று பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் திண்ணை அது. அவருக்குக் குறைவாக இருந்தது அறிவன்று, இடம். நான் எழுதியதை அடித்துவிட்டேன்.

அதே ஊரில், எங்கள் படிவத்தில் இல்லாத ஒரு தேவை வயலில் தெரிந்தது. பருவமழைக்கு முன்பே புரட்டாசியில் விதைப்பவர்கள், விதையை 5 செ.மீ. ஆழத்தில் இட்டால்தான் மண் நன்றாக நனையும்வரை அது முளைக்காமல் காத்திருக்கும். மேலாக விழுந்த விதையோ சிறு தூறலுக்கே முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் கருகிவிடும். ஒரே புஞ்சையில் சால் சாலாக ஆழம் மாறியிருந்தது. விதைப்புக் கருவியை ஆழம் பார்த்துப் பொருத்துவதைக் கையில் கொடுத்துப் பழக்குவதுதான் அங்கு வேண்டியிருந்த பயிற்சி.

யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 2018 இல் மக்காச்சோளத்தில் படைப்புழு பரவியபோது, களையெடுத்த பெண்களே குருத்தில் ஓட்டையையும் எச்சத்தையும் முதலில் கண்டிருப்பார்கள். புழு குருத்துக்குள் இறங்குமுன் கண்டால் கட்டுப்படுத்துவது எளிது. ஆனால் நம் கூட்டங்கள் அவர்கள் புஞ்சையில் நிற்கும் பகல் வேளையில், பட்டா வைத்திருக்கும் ஆண்களைக் கொண்டு நடக்கின்றன.

எனவே, இவ்வாண்டு ஆவணியில், விதைப்புக்கு முன், ஒவ்வொருவரும் ஒரு கிராமத்தில் காலையில் புஞ்சையிலும் மாலையில் பெண்கள் வீடு திரும்பிய பின்னும் அமர்ந்து கேளுங்கள். சென்ற பருவத்தில் எந்த நாளில், எந்த வேலையில் கை தயங்கியது என்று கேளுங்கள். உலர்களம் இல்லை என்று சொன்னால், அதைப் பயிற்சிப் பட்டியலில் சேர்க்காமல் ஊராட்சிக்கு எழுதுங்கள்.