அரிப்பா, உறுத்தலா?

நண்பர்களே, வணக்கம்.

"மனசு சொல்றதைக் கேளு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, கேட்கலாம். ஆனால் இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று கைப்பேசியை எடுக்கச் சொல்வதும் அதே மனசுதானே? அப்படியானால் எந்த மனசைக் கேட்பது?

நாம் பேசும் பேச்சிலேயே இதற்கு விடை இருக்கிறது. பழக்கம் கூப்பிடும்போது "கை அரிக்குது" என்கிறோம். உள்ளுக்குள் ஏதோ ஒப்பவில்லை என்றால் "உறுத்துது" என்கிறோம். அரிப்பு, சொறிந்தால் அடங்கும். கொஞ்ச நேரத்தில் கூடுதலாக வரும். உறுத்தல், செருப்புக்குள் கிடக்கும் சிறு கல். வேகமாக நடக்கும்போது மறந்திருப்போம், நின்றால் தெரியும், எடுத்துப் போட்டால்தான் போகும். அரிப்பு அந்த நொடியில் சத்தம் போடும். உறுத்தல் அதற்கு முன்னால் பேசும், எல்லாம் முடிந்த பிறகு பேசும், நடுவில் மட்டும் அதன் குரல் எடுபடாது. அதனால் அரிக்கிற நேரத்தில் உட்கார்ந்து "எனக்கு உண்மையில் என்ன வேண்டும்?" என்று கேட்பதில் பயனில்லை. உறுத்தல் பேசும் நேரத்தில் முடிவெடுத்து, அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட வேண்டும்.

பழக்கத்துக்கு ஆசைகூடத் தேவையில்லை. 2011இல் உளவியலாளர்கள் டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். திரையரங்கில் சிலருக்குப் புதிய பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரப் பழசு. அரங்குக்குப் போனாலே பாப்கார்ன் கொறிக்கும் ஆட்கள் பழசையும் புதுசின் அளவுக்கே தின்றார்கள். நன்றாயில்லை என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வழக்கமில்லாத கையால் எடுக்கச் சொன்னதும், பழசு குறைவாகவே உள்ளே போனது. கை மாறியதும் நாக்கு சொன்னது காதில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இனி வேலைக்கு வருவோம். ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 7 நாள் அதை நிறுத்த முயலவே வேண்டாம். குறித்து மட்டும் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்து குறிப்பு: மணி என்ன, எங்கே இருந்தீர்கள், சரியாக அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, உடம்பில் எங்கே என்ன தெரிந்தது, பத்து நிமிடம் கழித்து எப்படி இருந்தது. கடைசிக் குறிப்பில்தான் உறுத்தல் பேசும். அதை விட்டால் மிச்சம் வெறும் கணக்கு. பலரும் தவறுவது இரண்டு இடத்தில். இரவில் மொத்தமாக எழுதுகிறார்கள். அதற்குள் ஞாபகம் பாதியை அழகுபடுத்திவிடும். இல்லையென்றால் "டென்ஷன்" என்று எழுதுகிறார்கள். அது நடந்ததல்ல, நடந்ததற்கு நாம் சொல்லும் சமாதானம். "மெயில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்" என்பது நடந்தது.

எட்டாவது நாள், மாற்ற நினைப்பதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். "வேண்டும்" என்று முடிந்திருக்கும்: "இரவில் சீக்கிரம் தூங்க வேண்டும்". அதன் பக்கத்தில் "ஏனென்றால்" போட்டு முடித்துப் பாருங்கள். "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்றோ "இந்த வயதில் இப்படி இருக்கக் கூடாது" என்றோ போனால், அது உங்கள் குரல் இல்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இப்படிப்பட்ட ஊக்கத்தைத் தனியாகவே பிரித்து வைத்தார்கள்: வெளியிலிருந்து வந்த கட்டளையை மெல்லாமல் விழுங்கி வைத்திருப்பது. குற்ற உணர்ச்சி இருக்கும் வரை அது ஓடும், அப்புறம் நின்றுவிடும். "காலையில் தலை தெளிவாக இருந்தால் எனக்குப் பிடித்த வேலை ஒரு மணி நேரம் நடக்கிறது" என்று முடிந்தால், அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

அடுத்தது திட்டம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து காட்டிய வடிவம்: "இது நடந்தால், இதைச் செய்வேன்." முன்பாதி கண்ணுக்கோ காதுக்கோ தெரிகிற ஒன்றாக இருக்க வேண்டும். "மனசு சரியில்லை என்றால்" என்பது எப்போது தொடங்கியது என்றே தெரியாது. "பல் துலக்கிவிட்டுத் தூரிகையை வைத்ததும்" என்பது தவறாமல் தெரியும். பின்பாதி ஒரு செயலாக இருக்க வேண்டும். "கைப்பேசியைத் தொட மாட்டேன்" என்பது செயல் இல்லை, தொடுவதைப் பற்றிய நினைப்பு. 1987இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே இப்படி எழுதுங்கள்: "தூரிகையை வைத்ததும், கைப்பேசியை வெளி அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வருவேன்." அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வைத்துவிடுங்கள், "அலாரம் வைக்கத்தான் எடுத்தேன்" என்ற சாக்குதான் பெரும்பாலும் முதலில் வரும்.

நகம் கடிப்பது போல உடம்போடு ஒட்டிய பழக்கங்களுக்கு இடத்தை மாற்ற முடியாது. விரல் கூடவேதான் வரும். அங்கே உதவுவது 1973இல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் வகுத்த முறை: கை வாய்ப்பக்கம் கிளம்புவது தெரிந்ததும், கடிக்கவே முடியாதபடி முஷ்டியை மெதுவாக மூடி ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பிடிப்பது. கிளம்புவதே தெரியாதவர்களுக்கு இது பலிக்காது. அந்த 7 நாள் குறிப்பு இவர்களுக்குத்தான் கட்டாயம் தேவை.

எத்தனை நாள் ஆகும்? 21 என்பீர்கள். 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒப்பனை அறுவை மருத்துவர், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக எழுதினார். ஊர் வாயில் "குறைந்தது" உதிர்ந்துபோனது, முகத்துக்குச் சொன்னது பழக்கத்துக்குச் சொன்னதாகிவிட்டது! லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துக் கணக்கிட்டபோது, ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணிப்பு. ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு இல்லை என்றும் கண்டார்கள். தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். வழக்கமான அதே அளவு போதும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். தினமும் அதிகமாக மது குடிப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே முதல் படி மருத்துவர்.

மற்றவர்களுக்கு: இரண்டு வாரம் ஆகியும் திட்டம் ஓடவில்லை என்றால், மன உறுதி இல்லை என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். முன்பாதியைப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் குறித்த அடையாளம் நாள்தோறும் நடப்பதாக இருக்காது, அல்லது அது நடக்கும்போது உங்கள் இரு கையும் வேறு வேலையில் இருக்கும். அடையாளத்தை மாற்றிவிட்டு, நாளைக்கு முதல் நாள் என்று திரும்ப எண்ணத் தொடங்குங்கள்.