யூத நண்பர்களைப் பிள்ளைகள் காப்பாற்றியது நிஜமா?

அடுத்த கேள்வி ஓர் ஆசிரியையிடமிருந்து. "இரண்டாம் உலகப் போரில் சிறுவர்கள் தங்கள் யூத நண்பர்களைத் தப்பவைத்ததாகக் கதைகளில் வருகிறதே, அது நிஜமா? பிள்ளைகளால் அப்படி என்ன செய்திருக்க முடியும்? வகுப்பில் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

நிஜம்தான். ஆனால் கதையில் வருவதுபோல ஒரு பிள்ளை தனியாக நின்று காப்பாற்றியது மிகவும் அரிது. பெரும்பாலும் பெரியவர்களின் ஏற்பாட்டில் ஒரு கை கூடுதலாக இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கை இல்லாமல் பல காரியங்கள் நடந்திருக்காது.

டென்மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர் அங்கே 1940 ஏப்ரலிலேயே நுழைந்துவிட்டாலும், யூதர்களைப் பிடிக்கத் திட்டம் போட்டது 1943 இலையுதிர் காலத்தில். அந்த ரகசியத்தை டக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரியே டேனிஷ் அரசியல்வாதிகளிடம் சொல்லிவிட்டார். செப்டம்பர் 29 காலையில் கோபன்ஹேகன் தொழுகைக் கூடத்தில் மெல்கியோர் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, "வீட்டுக்குப் போகாதீர்கள், ஒளிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்" என்ற பொருளில் எச்சரித்து அனுப்பினார். அக்டோபர் 1 இரவு படையினர் கதவைத் தட்டியபோது பல வீடுகளில் ஆளே இல்லை. அடுத்த சில வாரங்களில் சுமார் 7,200 யூதர்கள் படகேறி, போரில் சேராத ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிடிபட்டவர்கள் ஏறக்குறைய 470 பேர்.

இதில் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள்? ஸ்னெக்கர்ஸ்டன் என்று ஒரு மீனவக் கிராமம். அங்கே பாட்டியிடம் வளர்ந்த ப்ரெபென் முங்க்-நீல்சன், தினமும் கோபன்ஹேகனுக்குப் போய்ப் படித்துவந்த பையன். அவனுக்குப் பள்ளியில் யூதப் பிள்ளைகள் என்று யாரும் தனியாக இல்லை. வகுப்புத் தோழர்கள், அவ்வளவுதான். அந்த அக்டோபரில் அவனுக்கு 17 வயது. ஜெர்மானியரை எதிர்த்த தலைமறைவு இயக்கத்துக்கு ஏற்கெனவே தூது போய்க்கொண்டிருந்தவன். கரையோர வீடுகளில் ஒளிந்திருந்தவர்களை, குறித்த நேரத்துக்கு இருட்டில் படகடிக்குக் கூட்டிவருவது அவன் வேலை. ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர் வரை, சுமார் ஐம்பது நிமிடப் பயணம். அவன் சேர்ந்திருந்த குழு ஏறத்தாழ 1,400 பேரை அக்கரை சேர்த்தது. கடைசியில் நவம்பரில் அவனே ஸ்வீடனுக்குத் தப்பியோட வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம், தப்பிப் போன கைக்குழந்தைகள். படகின் அடியில் ஒரு குழந்தை அழுதால் எல்லோரும் தொலைந்தார்கள். அதனால் மருத்துவர்கள் தூக்க மருந்து கொடுத்தே பல குழந்தைகளை ஏற்றினார்கள். பெற்றவர்கள் மடியில் அசையாமல் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே கடலைத் தாண்டியிருக்கிறார்கள்.

அப்புறம், யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை டென்மார்க் மன்னரே அணிந்து எதிர்ப்புக் காட்டினார் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கும். வகுப்பில் அதைச் சொல்லிவிடாதீர்கள். டென்மார்க்கில் அந்த நட்சத்திரத்தை அணியச் சொல்லி உத்தரவே போடவில்லை.

ஆனால் டென்மார்க்கை மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபமாக நடந்ததுபோலத் தோன்றும். பக்கத்திலேயே ஸ்வீடன், கடல் குறுகும் இடத்தில் நான்கு கிலோமீட்டர்தான். போலந்தில் அப்படி இல்லை. அங்கே யூதருக்கு ஒளிய இடம் கொடுத்தால் மரண தண்டனை. அந்த நிலையில்தான் பிஷெமிஷல் நகரத்தில் ஸ்டெஃபானியா பொட்குர்ஸ்கா என்ற இளம்பெண் 13 யூதர்களைத் தன் வீட்டுப் பரணில் ஒளித்துவைத்தாள். அம்மாவையும் ஒரு சகோதரனையும் ஜெர்மனிக்குக் கூலி வேலைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். கூட இருந்தது தங்கை ஹெலெனா மட்டும். வயது ஆறோ ஏழோ.

அந்தக் குழந்தை என்ன செய்தது என்று கேட்டால், முக்கியமாக வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளையிடம் ஒரு பிறந்தநாள் பரிசைச் சொல்லிவைத்தால் மாலை வரை தாங்குமா? ஒருகட்டத்தில் எதிரே ஜெர்மன் மருத்துவமனை வந்து, அங்கே வேலை பார்த்த இரண்டு ஜெர்மன் செவிலியர்களை அந்த வீட்டிலேயே குடிவைத்தார்கள். கீழே அவர்கள், மேலே பரணில் 13 பேர். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. 1944 ஜூலையில் சோவியத் படை ஊருக்குள் வந்தபோது 13 பேரும் உயிரோடு இறங்கி வந்தார்கள்.