பாப்பாய் வந்துட்டா அண்ணாச்சி?

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீடியோ கடைக்காரன் ஒருவனைப் பேசக் கூப்பிடலாம் என்று நிலையத்தில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. "கடை அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். அனுபவம் என்று பார்த்தால், கேசட்டை எடுத்துப் போய்த் திருப்பித் தராதவர்களின் பட்டியல்தான் என்னிடம் நீளமாக இருக்கிறது. அதை வாசிக்க இந்த நேரம் போதாது. அதில் சில பேர் இப்போது ஊரில் பெரிய மனிதர்கள் வேறு. அதனால், பதினெட்டு வருடம் கடை நடத்தியும் "வரும், வரும்" என்று சொல்லியே கடைசிவரை கொடுக்க முடியாமல் போன ஒரு சரக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

தூத்துக்குடியில் 1986இல் கடை போட்டேன். தெருவுக்கு ஒரு வீட்டில் வீடியோ கேசட் போட்டுப் பார்க்கிற டெக் இருந்தாலே அதிகம் என்ற காலம். மற்றவர்கள் டிவியையும் டெக்கையும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பார்கள். மூன்று படம் கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு சிவாஜி படம், இளவட்டங்களுக்கு ஒரு ரஜினி படம், அப்புறம் ஒரு சாமி படம். அந்தச் சாமி படத்தை யாரும் முழித்திருந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது இல்லாமல் பாட்டிகள் டெக்கை வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

கப்பலில் வேலை பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கார்ட்டூன் கேசட் கொண்டுவந்து கொடுத்தார். பாப்பாய். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வாயில் பைப்பை வைத்துக்கொண்டு, கீரை டப்பாவை நசுக்கி விழுங்கிவிட்டு எல்லோரையும் அடிப்பானே, அந்த மாலுமிதான். டெக் வாடகைக்கு எடுக்கிற வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைக் காசில்லாமல் கூட அனுப்புவேன். கேசட்டில் மூன்றே படம். சிந்துபாத்தைச் சந்திப்பது ஒன்று, அலிபாபாவின் திருடர்களைச் சந்திப்பது ஒன்று, அலாவுதீன் கதை ஒன்று. 1936, 1937, 1939 என்று வரிசையாக, மாக்ஸ் ஃப்ளைஷரின் ஸ்டுடியோ வண்ணத்தில் எடுத்தவை. தினத்தந்தியில் கன்னித்தீவு படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு சிந்துபாத் என்றால் கதாநாயகன். இந்தக் கேசட்டிலோ அவன் தாடி வைத்த வில்லன். பாப்பாயிடம் நன்றாக வாங்குகிறான். அது அவர்களுக்குப் பெரிய அதிசயம்.

எங்கள் தெருமுனைப் பையன் ஒருவன் அதை எத்தனை தடவை எடுத்துப் போனான் என்பதற்குக் கணக்கில்லை. கேசட் தேய்ந்து, படத்தில் கோடு விழ ஆரம்பித்த பிறகு வேறு பாப்பாய் வேண்டும் என்றான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நிற்பான். "பாப்பாய் வந்துட்டா அண்ணாச்சி?" "வரும்டே, அடுத்த வாரம் வா." நானும் பொய் சொல்லவில்லை. மதுரை, மெட்ராஸ், சிங்கப்பூர் என்று போகிற ஆளிடமெல்லாம் சொல்லி வைத்தேன். எங்கே தேடினாலும் அதே மூன்று படம்தான் கிடைத்தது. அட்டை மட்டும் மாறும்.

ஏன் அப்படி என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

பாப்பாய் 1929இல் அமெரிக்கப் பத்திரிகைப் படக்கதையில் பிறந்தவன். வரைந்தவர் ஈ.சி. சீகர். அந்தப் பாத்திரம் கிங் ஃபீச்சர்ஸ் என்ற நிறுவனத்தின் சொத்து. 1933இலிருந்து 1957 வரை திரையரங்குகளுக்காக 231 பாப்பாய் கார்ட்டூன்கள் வந்தன, வெளியிட்டது பாரமவுண்ட். டிவி வந்ததும் அந்தப் படங்களை ஏ.ஏ.பி. என்ற நிறுவனம் டிவியில் காட்டுவதற்காக வாங்கியது. வாங்கியதும் முதல் வேலையாக, படத்தின் தொடக்கத்தில் சின்னமாக வரும் பாரமவுண்ட் மலையை வெட்டிவிட்டுத் தன் பெயரை ஒட்டியது. பிறகு அது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்குப் போய், எம்.ஜி.எம்.முக்குப் போய், டர்னருக்குப் போய், கடைசியில் வார்னர் கைக்கு வந்து சேர்ந்தது. என் கடைக் கேசட் கூட இத்தனை கை மாறியதில்லை.

1980களில் வீட்டுக்கு வீடு டெக் வந்தது. படச்சுருள் வைத்திருந்தவர்கள் கேசட் போட நினைத்தார்கள். கிங் ஃபீச்சர்ஸ் குறுக்கே நின்றது. நீங்கள் வாங்கியது படத்தை டிவியில் காட்டத்தான், வீட்டு வீடியோவுக்கு எங்கள் சம்மதம் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1950களில் போட்ட ஒப்பந்தத்தில் வீடியோ கேசட்டைப் பற்றி யார் யோசித்திருப்பார்கள்? எங்கள் பக்கத்துக்கு இது பழகிய தகராறுதான். பனை ஒருவருக்கு, அது நிற்கிற காடு இன்னொருவருக்கு. பதநீர் யாருக்கு என்று கேட்டால் இரண்டு தலைமுறைக்கு வழக்கு நடக்கும், அதுவரை பனை சும்மா நிற்கும். பாப்பாயும் அப்படித்தான் நின்றான்.

அப்படியானால் என் கையில் இருந்த மூன்று படம் மட்டும் எப்படி வெளியே வந்தது? அவற்றின் காப்புரிமையை உரிய காலத்தில் யாரும் புதுப்பிக்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத படம். ஆகவே யார் வேண்டுமானாலும் கேசட் போட்டார்கள். காப்பியிலிருந்து காப்பி, அந்தக் காப்பியிலிருந்து இன்னொரு காப்பி. வண்ணம் வெளுத்து, சிவப்பு பரவி, பார்க்கச் சகிக்காது. சொந்தக்காரன் இருக்கிற படம் பெட்டியில் பூட்டிக் கிடந்தது, சொந்தக்காரன் இல்லாத படம் தெருவெல்லாம் திரிந்தது, அதுவும் கந்தல் கட்டிக்கொண்டு. நல்ல பிரிண்டில் பாப்பாய் பார்ப்பது இரண்டு வழியிலும் முடியாது.

கார்ட்டூனுக்கு என்ன பிரிண்ட், பிள்ளைகள் எதில் போட்டாலும் பார்க்கும் என்று சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். தப்பு. ஃப்ளைஷர் ஸ்டுடியோவில் ஒரு வேலை செய்தார்கள். சில காட்சிகளுக்குப் பின்னணியை வரைவதற்குப் பதிலாக, அதைச் சின்ன பொம்மைக் களமாகவே செய்து, சுழலுகிற மேசையில் வைத்து, அதன் முன்னால் வரைந்த பாப்பாயை நிறுத்திப் படம் பிடித்தார்கள். பாப்பாய் நடக்க நடக்கப் பின்னால் பாறையும் குகையும் உண்மையிலேயே விலகி நகரும். சிந்துபாத் படத்தில் இது நிறைய உண்டு. என் கேசட்டில் அந்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் ஏதோ அசையும், அவ்வளவுதான். நான் டெக்கின் ஹெட்டில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய இழப்பு சத்தத்தில். அந்த ஸ்டுடியோவில் படத்தை முதலில் வரைந்துவிட்டு, பிறகுதான் குரல் பதிவு செய்வார்கள். 1935க்குப் பிறகு பாப்பாய்க்குக் குரல் கொடுத்த ஜாக் மெர்சர், படத்தைப் பார்த்தபடியே தானாக ஏதேதோ முணுமுணுப்பார். வாய் அசையாது, குரல் மட்டும் வரும். நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒருவர் நக்கல் அடிப்பாரே, அந்த மாதிரி. பாப்பாயின் சிரிப்பில் பாதி அந்த முணுமுணுப்பில்தான் இருக்கிறது. தேய்ந்த கேசட்டில் அது வெறும் இரைச்சல். பிள்ளைகள் சிரித்தது மற்ற பாதிக்குத்தான்.

இதற்கு நடுவில் டிவிக்காக ஒரு திருப்பணி நடந்தது. கறுப்பு வெள்ளைப் பாப்பாய் படங்களை 1980களில் தென்கொரியாவுக்கு அனுப்பி, மேலே தாள் வைத்துத் திரும்ப வரைந்து வண்ணம் அடித்து வாங்கினார்கள். செலவு மிச்சம் பிடிக்க நடுநடுவே சில ஃபிரேம்களை விட்டுவிட்டு வரைந்தார்கள். ஆள் நடந்தால் குதிக்கிற மாதிரி இருக்கும். பழைய கோயில் கல்தூணுக்குப் பச்சை எனாமல் பெயின்ட் அடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சரி, தகராறு எப்போது தீர்ந்தது? 2006இல். வார்னரும் கிங் ஃபீச்சர்ஸும் உட்கார்ந்து பேசினார்கள். 2007 ஜூலையில் முதல் டிவிடி தொகுதி வந்தது: நான்கு தட்டு, 1933 முதல் 1938 வரையான 60 கார்ட்டூன்கள், சுத்தம் செய்து, வெட்டாமல். 2008இல் இன்னும் இரண்டு தொகுதிகள் வந்து 1943 வரை முடித்தன.

நான் 2004இலேயே கடையை மூடியிருந்தேன். திருட்டு விசிடி ஒரு பக்கம், கேபிள் ஒரு பக்கம். அதே இடத்தில் ஜெராக்ஸ் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். 2007 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருவர் வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றார். ஜெராக்ஸுக்குத் தாளை நீட்டுவார் என்று கை நீட்டினேன். "பாப்பாய் வந்துட்டா அண்ணாச்சி?" என்றார். அமெரிக்காவில் வேலையாம். பையிலிருந்து அந்த டிவிடி தொகுதியை எடுத்து மேசையில் வைத்தார்.

அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். முதலில் மலை வந்தது. ஏ.ஏ.பி. வெட்டி எறிந்த பாரமவுண்ட் மலை, ஐம்பது வருடம் கழித்து. அப்புறம் கப்பலின் கதவுகள் திறந்து திறந்து மூட, உள்ளே பெயர்கள் தெரிந்தன. சிந்துபாத் குகையில் பாறைகள் நகர்ந்தன. முணுமுணுப்பு கேட்டது. எனக்கு அந்த இங்கிலீஷ் முக்கால்வாசி பிடிபடவில்லை. அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நான் அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தேன்.

அவரோடு எனக்கு ஒரே ஒரு சண்டை உண்டு, அது டாம் அண்ட் ஜெர்ரியால் வந்தது. அதை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் எம்.ஜி.எம்.மில் 1940இலிருந்து 1958 வரை எடுத்தது 114 படம். அதன் கதை வேறு. அங்கே நெருப்பு. 1978 மே மாதம் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் காப்பகத்தில் தீப்பிடித்து 329 படங்களின் மூல நெகட்டிவ்கள் போயின. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட் ஃபிலிம், எளிதில் தீப்பிடிக்கிற சரக்கு; பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். டாம் அண்ட் ஜெர்ரியின் பழைய நெகட்டிவ்கள் பலவும் அதில் சேர்த்தி. மிஞ்சிய காப்பிகளை வைத்துத்தான் பிறகு எல்லாம் செய்தார்கள். 2011இல் ப்ளூரேயில் முதல் 37 படங்கள் வரிசை மாறாமல் நன்றாகவே வந்தன. 2013இல் இரண்டாம் தொகுதி என்று அறிவித்தார்கள், அதில் இரண்டு படம் இல்லை. கறுப்பின மக்களை முகத்தில் கரி பூசிக் கேலி செய்கிற காட்சிகள் அவற்றில் உண்டு என்பது காரணம். ரசிகர்கள் கொதித்தார்கள், முழுதாகக் கொடுத்தால் கொடு, இல்லையென்றால் வேண்டாம் என்று. கம்பெனி தொகுதியையே நிறுத்திவிட்டது. அறிவித்த அந்தத் தொகுதி அந்த வடிவில் வரவேயில்லை.

நம் ஆளும் வேண்டாம் கட்சி. நான் போனில் சொன்னேன், வருவதை முதலில் வாங்கிப் போடுப்பா, வியாபாரம் நடந்தால் மிச்சம் தானாக வரும் என்று. அவர் கேட்டார்: "கிளைமாக்ஸ் ரீல் இல்லாத கேசட்டை நீங்க வாடகைக்கு விட்டிருப்பீங்களா அண்ணாச்சி?" விட்டிருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

இன்று யோசித்தால் அந்த இரண்டு படத்தையும் மறைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. பாப்பாயின் மூன்றாம் தொகுதியில் போர்க்காலத்தில் ஜப்பானியர்களைக் கேவலமாக வரைந்த படங்களும் இருக்கின்றன. இது அந்தக் காலத்துத் தப்பு, அன்றும் தப்பு, இன்றும் தப்பு என்ற பொருளில் முன்னால் ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டு, படத்தை முழுதாகக் கொடுத்தார்கள். அது போதும். ஆனால் காத்திருப்பவர்களின் பிடிவாதத்தால் மிச்சப் படங்களும் சேர்ந்து அலமாரிக்குப் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கடைக்காரன் புத்தி, சரக்கு வெளியே வர வேண்டும்.

பாப்பாயின் 1940களின் வண்ணப் படங்கள் 2018, 2019இல் ப்ளூரேயில் வந்தன. அந்தப் பாத்திரத்தின் 1929ஆம் வருடத்து உருவம் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்து. முதல் கார்ட்டூனுக்கு அந்த நாள் 2029 ஜனவரி 1. பிறகு அந்தப் படத்துக்குக் கிங் ஃபீச்சர்ஸையும் கேட்க வேண்டாம், வார்னரையும் கேட்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் தட்டு போடலாம். என் சிங்கப்பூர் கேசட்டைப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் போடுவார்கள். நல்ல நெகட்டிவ் யாரிடம் இருக்கிறதோ அவர் மனது வைத்தால்தான் நல்ல பிரிண்ட். அது மாறப்போவதில்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு பட்டியலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அன்றைக்கு அந்தத் தம்பி கடையிலிருந்து கிளம்பும்போது, "ஒரு வாரம் வச்சுப் பாருங்க அண்ணாச்சி, திரும்பிப் போறதுக்கு முன்னாடி வாங்கிக்கிறேன்" என்று சொல்லி அந்த டிவிடி தொகுதியை என்னிடம் விட்டுப் போனார். அவர் வாங்க வந்த அன்று நான் கடையில் இல்லை. இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன், பின்பக்கம் இருந்தேன். தட்டு நான்கும் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன. வணக்கம்.