தொண்ணூற்றாறு என்ற ஊரிலிருந்து வந்த போதகர்

நண்பர்களே, வணக்கம்.

மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னிடம் முதலில் கேட்டார்கள். கிங்கைப் பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். அவர் படித்த கல்லூரியின் தலைவராக இருந்த ஒரு போதகரைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன், பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். சரி என்றார்கள். அவர் பெயர் பெஞ்சமின் எலைஜா மேஸ்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓர் ஊருக்குப் பெயரே ஓர் எண்தான். நைன்ட்டி சிக்ஸ், அதாவது தொண்ணூற்றாறு. அந்தப் பக்கத்துப் பருத்திக் காட்டில் 1894 ஆகஸ்ட் 1 அன்று மேஸ் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவும் அம்மாவும் அடிமைகளாகப் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்றவர்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவருக்கு நினைவு தெரிந்து மனதில் நின்ற முதல் காட்சி எது தெரியுமா? 1898 நவம்பர். பக்கத்தில் ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் தேர்தலை ஒட்டிக் கலவரம். கறுப்பர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று வெள்ளையர் கும்பல்கள் குதிரையில் ஏறி, துப்பாக்கியோடு சுற்றின. அப்படி வந்த ஒரு கும்பல் இவருடைய அப்பாவை மறித்தது. தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள், குனிந்து கும்பிடச் சொன்னார்கள். ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப. நாலு வயதுப் பையன் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எழுபது வயதுக்கு மேல் தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தபோதும் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வருஷத்துக்கு நாலு மாதம்தான். நவம்பரில் திறப்பார்கள், பிப்ரவரியில் மூடுவார்கள். மற்ற மாதமெல்லாம் பருத்திக்கு. படித்தால் போதகராகலாம், இல்லாவிட்டால் ஏர் பிடிக்கலாம், வேறு எதற்கும் படிப்பு வேண்டாம் என்பது அப்பாவின் கட்சி. ஆரஞ்ச்பர்க் நகரில் தங்கிப் படித்தபோது, பிப்ரவரி ஆனதும் வழக்கம்போல வயல் வேலைக்கு வா என்று அப்பா கூப்பிட்டார். பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக முழுப் பள்ளி ஆண்டும் உட்கார்ந்து படித்தார். உயர்நிலைப் பள்ளியை 1916இல் வகுப்பில் முதல் மாணவராக முடித்தபோது வயது இருபத்திரண்டை நெருங்கியிருந்தது.

அதன் பிறகு வடக்கே மெய்ன் மாநிலத்தில் பேட்ஸ் கல்லூரி. ஏன் அவ்வளவு தூரம்? வெள்ளையன் பிறப்பிலேயே அறிவாளி என்று சின்ன வயதிலிருந்து காதில் ஓதியிருந்தார்கள். அது நிஜம்தானா என்று வெள்ளை மாணவர்களோடு போட்டி போட்டே பார்த்துவிட நினைத்தார். பார்த்தார். 1920இல் சிறப்புத் தகுதியோடு பட்டம் வாங்கினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலை 1925இல், முனைவர் பட்டம் 1935இல். நடுவில் போதகராக அபிஷேகம் பெற்று, அட்லாண்டாவில் ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையை நடத்தியபடியே, கிங் பின்னால் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில் கணக்கு வாத்தியாராகவும் இருந்தார். இதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடுகிறேன். எனக்குப் பேச ஆசையானது அவர் போட்ட வேறு ஒரு கணக்கு.

பாப்டிஸ்ட் சபை நடைமுறை ஒன்றைச் சொன்னால்தான் அது புரியும். அங்கே பிஷப் கிடையாது. ஒவ்வொரு சபையும் தனி. போதகரை அதுவே தேர்ந்தெடுக்கும், பிடிக்காவிட்டால் அதுவே அனுப்பிவிடும். கடவுள் என்னை அழைத்தார் என்று ஒருவர் சொல்லி, சபையும் ஏற்றுக்கொண்டால் அவர் போதகர். இறையியல் கல்லூரிச் சான்றிதழ் கட்டாயமில்லை. பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட ஒரு மக்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று யோசித்துப் பாருங்கள். அதே கதவு வழியாக என்னவெல்லாம் உள்ளே வரும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மேஸ் யோசித்தார். 1930இல் ஜோசஃப் நிக்கல்சன் என்ற, மெத்தடிஸ்ட் எனும் வேறு கிறிஸ்தவப் பிரிவின் போதகரும் அவரும் சேர்ந்து கறுப்பினத் திருச்சபைகளை நேரில் போய் ஆராய ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு நகரங்களில் 609 சபைகள், கிராமப்புறத்தில் 185 சபைகள். கட்டடம், கடன், காணிக்கை, ஞாயிறு பள்ளி, போதகரின் படிப்பு, எதையும் விடவில்லை. பிரசங்கங்களையே நூறு சேகரித்து வகை பிரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை மறுவுலகத்தைப் பற்றியவை. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு வேலை இல்லை, வாடகை கொடுக்கப் பணம் இல்லை, தெற்கே பெரும்பாலோருக்கு ஓட்டும் இல்லை. பிரசங்கமோ பரலோகத்துப் பொன் வீதிகளைப் பற்றி.

1933இல் அறிக்கை நூலாக வந்தது. கூசாமல் எழுதியிருந்தார்கள். சபைகள் தேவைக்கு மேல் பெருகிவிட்டன, கட்டடக் கடனில் மூழ்கிக் கிடக்கின்றன, முறையான பயிற்சி பெற்ற போதகர்கள் மிகக் குறைவு. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கறுப்பின மக்கள் தங்கள் காசில் கட்டி, தாங்களே நடத்தி, வேறு யாருக்கும் கைகட்டி நிற்காத ஒரே இடம் இதுதான். வாரமெல்லாம் வெள்ளையர் வீட்டில் சமையல் வேலை செய்யும் பெண் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு குழுவின் தலைவி. ஊருக்குள் யாருக்கும் அஞ்சாமல் வாய் திறக்கக்கூடிய கறுப்பன் என்றால் பெரும்பாலும் அந்தச் சபையின் போதகன்தான், ஏனென்றால் அவனுக்குச் சம்பளம் தருவது சபை. குறைகளை அடுக்கிய அதே கையால் இதையும் எழுதியதால்தான் அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். வெளியிலிருந்து கல் எறிவது சுலபம். இவர் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்.

கணக்குப் பார்த்ததோடு போகவும் இல்லை. 1934இல் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழக இறையியல் பள்ளியின் தலைமைப் பொறுப்பு வந்தது. ஆறு ஆண்டுகள். நூலகத்தைப் பெருக்கினார், மாணவர் சேர்க்கைத் தரத்தை உயர்த்தினார், பள்ளிக்கு முறையான அங்கீகாரம் வாங்கித் தந்தார். போதகர் குறைவு என்று எழுதியவர், போதகர்களை உருவாக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

அங்கிருக்கும்போதுதான் இந்தியாவுக்கு வந்தார். மைசூரில் கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.யின் உலக மாநாடு, 1937 ஜனவரி. அதற்கு முன், புத்தாண்டு பிறக்கிற சமயத்தில், வார்தாவில் காந்தியோடு தொண்ணூறு நிமிடம் பேசினார். அகிம்சையைப் பற்றிக் கேட்டார். அது செயலற்றுக் கிடப்பது அல்ல, செயல்களிலேயே தீவிரமானது, ஒரு கூட்டமே கடைப்பிடிக்கக்கூடியது என்பது போலப் பதில் வந்தது. அப்புறம் மேஸ் விடவில்லை. தீண்டாமையை எதிர்க்கிறீர்கள், சாதியமைப்பையே ஏன் எதிர்த்துப் போர் தொடுக்கவில்லை என்று கேட்டார். சாதி என்பது தொழில் பிரிவினை என்ற ரீதியில் காந்தி விளக்கம் சொன்னார். கடல் தாண்டி வந்த விருந்தாளி இதைக் கேட்டது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். கும்பிட வந்த இடத்தில் நாம் கேள்வி கேட்க மாட்டோம் அல்லவா?

ஆனால் மைசூரில் நடந்தது இதைவிடப் பெரியது. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்கு அவரைப் பேச அழைத்தார்கள். தலைமை ஆசிரியர் பிள்ளைகளிடம் அவரை அறிமுகப்படுத்தினார். இவர் அமெரிக்காவின் தீண்டப்படாதவர், இருந்தும் எவ்வளவு உயர்ந்துவிட்டார் பாருங்கள் என்று. மேஸுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவன், ஒரு பள்ளியின் தலைவன், நான் தீண்டப்படாதவனா? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வாஷிங்டனில் நல்ல உணவு விடுதிகளில் அவரை உட்காரவிட மாட்டார்கள். தெற்கே ரயிலில் தனிப் பெட்டி. அந்த ஆசிரியர் சொன்னதில் என்ன தப்பு?

வேடிக்கை என்னவென்றால், 1959இல் இந்தியாவுக்கு வந்த கிங்கும் இதே போன்ற ஓர் அனுபவத்தைப் பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அவருக்கும் முதலில் அதிர்ச்சி, பிறகு அதே ஒப்புதல்.

1940இல் மேஸ் மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவரானார். இருபத்தேழு ஆண்டுகள் இருந்தார். பொறுப்பேற்ற கொஞ்ச நாளில் உலகப் போர். இளைஞர்களெல்லாம் ராணுவத்துக்குப் போக, கல்லூரி காலியாகும் நிலை. பள்ளிப் படிப்பு முடியாத பிள்ளைகளையும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார். 1944இல் பதினைந்து வயதில் கிங் கல்லூரிக்குள் வந்தது இந்தக் கதவு வழியாகத்தான். கட்டண பாக்கியைக் கறாராக வசூலித்ததால் மாணவர்கள் அவருக்கு ‘பக் பென்னி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ‘பக்’ என்றால் பேச்சு வழக்கில் டாலர். அப்படிப்பட்டவரின் செவ்வாய்க்கிழமை காலைப் பேச்சைக் கேட்கக் கல்லூரிச் சிற்றாலயத்தில் பையன்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். காசு கொடுத்துக் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய மாடி இருக்கையில் போய் உட்கார்ந்து படம் பார்க்காதே என்பார். சட்டத்தை உன்னால் இன்று மாற்ற முடியாமல் போகலாம், உன் அவமானத்துக்கு நீயே டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் உள்ளர்த்தம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1956 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பேருந்தில் கறுப்பர்களைப் பிரித்து உட்கார வைப்பதை எதிர்த்து, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் கிங் தலைமையில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு உச்சத்தில் இருந்தது. கிங் உட்படப் பலர் மீது வழக்குப் பதிந்துவிட்டார்கள். கிங் அப்போது அட்லாண்டாவில் இருந்தார். அவருடைய அப்பாவும் பெரிய பாப்டிஸ்ட் போதகர். மகன் திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, ஊர்ப் பெரியவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். மகனுக்குப் புத்தி சொல்லத்தான். பலர் தலையாட்டினார்கள். கிங் மட்டும், என் மக்களை விட்டுவிட்டு இங்கே ஒளிந்திருக்க மாட்டேன் என்றார். அறையில் பேச்சில்லை. அப்போது அவருக்காக வாய் திறந்தவர் மேஸ். பையன் சொல்வதுதான் சரி என்று உறுதியாக நின்றார். அதற்குப் பிறகு காற்று மாறியது. மகனோடு அப்பாவும் மாண்ட்கோமரிக்குப் புறப்பட்டார். அப்பாவின் அழைப்பை மீறிப் பத்தொன்பது வயதில் பள்ளியிலேயே தங்கிவிட்ட பையன்தான் அன்று அந்த அறையில் பேசினான் என்று எனக்குத் தோன்றும்.

நம்மில் யார் முதலில் போகிறோமோ அவருக்கு மற்றவர் இரங்கலுரை சொல்ல வேண்டும் என்று மேஸுக்கும் கிங்குக்கும் இடையே ஒரு பேச்சு இருந்தது. வயதைப் பார்த்தால் கிங் பேசியிருக்க வேண்டும். 1968 ஏப்ரல் 9 அன்று, மோர்ஹவுஸ் வளாகத்தில், எழுபத்து மூன்று வயதான மேஸ் எழுந்து நின்று முப்பத்தொன்பது வயது மாணவனுக்கு இரங்கலுரை சொன்னார்.

அதோடு ஓய்ந்துவிடவில்லை. அட்லாண்டா பள்ளிக் கல்வி வாரியத்துக்குத் தேர்தலில் நின்று, 1970இல் அதன் முதல் கறுப்பினத் தலைவரானார். 1973இல் ஒரு சமரசம். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வெள்ளையர் பள்ளிகளோடு கலக்கும் திட்டத்தைச் சுருக்கிக்கொண்டு, பதிலாக நிர்வாகத்தில் கறுப்பர்களுக்குப் பாதி இடம், பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் பதவியும் கறுப்பருக்கு. கறுப்பர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தேசியத் தலைமை இதை வன்மையாகக் கண்டித்தது. மேஸ் ஆதரித்தார். வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட்டன, கலப்பதற்குப் பிள்ளைகள் எங்கே என்பது அவர் பக்க நியாயம். வாழ்நாள் முழுக்கத் தனிப் பெட்டியை எதிர்த்தவர் இதில் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்பதில் எனக்கு நெருடல் தீரவில்லை. அவரிடமே கேட்டிருந்தால் அந்த 609 சபைகளைப் போல வகுப்பு வகுப்பாகத் தலை எண்ணிக் காட்டியிருப்பார்.

1981இல் வாரியத்தை விட்டு இறங்கும்போது வயது எண்பத்தாறைத் தாண்டியிருந்தது. 1984 மார்ச் 28 அன்று காலமானார். மோர்ஹவுஸ் வளாகத்திலேயே மனைவி சேடியோடு கல்லறை. வகுப்புக்குப் போகும் பையன்கள் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள்.

1973 விஷயத்தில் உங்களில் சிலருக்கு என்னோடு சண்டை போடத் தோன்றும் என்று முகத்திலேயே தெரிகிறது. மைக்கைக் கொடுங்கள், கேட்போம்.